மனுகா தேன்: எண்ணை வாசித்து வாங்குவதும் இடமறிந்து பயன்படுத்துவதும்

மனுகா தேன் புட்டியில் முதலில் கண்ணில் படுவது ஓர் எண். 5+, 10+, 20+, 263+, 400+ என்று புட்டிக்குப் புட்டி மாறும். எண் ஏற ஏற விலையும் மடங்கு மடங்காக ஏறும். இந்த எண் எதை அளக்கிறது என்று தெரியாமல் வாங்குபவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ரொட்டியில் தடவித் தின்னும் தேனுக்கு மருந்து விலை கொடுப்பது ஒன்று. சாப்பிட வாங்கிய புட்டியிலிருந்தே எடுத்துத் திறந்த புண்ணில் வைப்பது இன்னொன்று; முதலாவதில் பணம்தான் போகும், இரண்டாவது ஆபத்து. அந்த எண் சொல்லும் வீரியம், தேன் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்துக்கு மட்டுமே உரியது. விழுங்கிவிட்டால் அது உடம்பெல்லாம் ஓடிக் கிருமிகளைத் தேடிக் கொல்லாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதற்கு எந்தப் புட்டி என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

செடியும் அதன் தேனும்

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதிகளிலும் இயல்பாக வளரும் புதர்ச்செடி மனுகா. தாவரவியல் பெயர் லெப்டோஸ்பெர்மம் ஸ்கோபாரியம். நாவலும் கொய்யாவும் யூக்கலிப்டஸும் சேர்ந்த குடும்பம்தான். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இதன் இலையையும் பட்டையையும் மருந்தாகப் பயன்படுத்தினார்கள். 'பல நூற்றாண்டுகளாக மாவோரிகள் உண்ட தேன்' என்று எங்காவது விளம்பரம் கண்டால் நம்ப வேண்டாம்: கூட்டில் வளர்த்துத் தேன் எடுக்கும் ஐரோப்பியத் தேனீக்கள் மேரி பம்பி என்ற பெண்மணியுடன் நியூசிலாந்துக்கு வந்திறங்கியதே 1839இல்தான்.

ஒரு பகுதியில் மனுகா பூத்திருப்பது சில வாரங்கள் மட்டுமே. அந்த நேரத்தில் மழையோ கடுங்காற்றோ வந்தால் தேனீக்கள் வெளியே போவதில்லை. அந்த ஆண்டு விளைச்சல் சுருங்கிவிடும். போதாததற்கு, மனுகாவை ஒட்டியே கனுகா என்ற உறவுச் செடியும் வளர்கிறது. இரண்டின் மகரந்தமும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். மகரந்தத்தை எண்ணிப் பார்த்து 'இது மனுகா' என்று சான்றளிப்பது நம்பகமில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

தேனின் குணமும் சற்று வேறு. நிறம் இளம் பழுப்பிலிருந்து அடர் பழுப்பு வரை போகும். இனிப்புக்குப் பின்னால் லேசான கசப்பும் மண்ணும் மூலிகையும் கலந்த வாசமும் இருக்கும். அசையாமல் வைத்தால் கூழ்போல இறுகும், கிளறினால் இளகும், விட்டுவிட்டால் மறுபடி இறுகும். அடையை வேகமாகச் சுழற்றித் தேனை வெளியேற்றும் வழக்கமான எந்திரத்துக்கு இது எளிதில் மசியாது. ஒவ்வொரு அறையையும் ஊசிகளால் குத்தி அசைத்த பிறகே சுழற்றுகிறார்கள். ஆகவே கூழாக இருக்கிறது, உள்ளே காற்றுக் குமிழிகள் நிற்கின்றன என்பதற்காகக் கலப்படம் என்று முடிவு கட்டக் கூடாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பது போன்ற வீட்டுச் சோதனைகள் எந்தத் தேனைப் பற்றியும் உருப்படியாக எதையும் சொல்வதில்லை. மனுகாவைப் பற்றிச் சுத்தமாகச் சொல்வதில்லை.

கிருமியைத் தடுப்பது எது

எந்தத் தேனுக்கும் கிருமியைத் தடுக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு. தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. தண்ணீர் 17, 18 சதவீதம்தான். இந்த அடர்த்தி கிருமிகளின் உடலிலிருந்தே நீரை உறிஞ்சிவிடும். அமிலத்தன்மையும் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பெரும்பாலான தேன்களின் பிஎச் 3.2 முதல் 4.5 வரை. இவற்றோடு, தேனீ சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, தேன் நீர்த்துப்போகும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. சிக்கல் என்னவென்றால் நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அந்தப் பெராக்சைடைச் சிதைத்துவிடும்.

1980களில் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் என்ற ஆய்வாளர், கேட்டலேஸைச் சேர்த்துப் பெராக்சைடை ஒழித்த பிறகும் மனுகா தேன் கிருமியைத் தடுப்பதைக் கண்டார். அந்த மர்மப் பொருள் மெத்தில்கிளையாக்சால் என்பதை ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹென்லேயின் குழு 2008இல் வெளியிட்டது. எம்ஜிஓ என்று சுருக்கி அழைப்பது இதைத்தான்.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. பூவின் மதுவில் எம்ஜிஓ இருப்பதில்லை. டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற வேறொரு பொருள்தான் இருக்கிறது. வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்கும் களிம்புகளில் சேர்ப்பதும் இதையேதான். தேனுக்குள் மாதக்கணக்கில் இருந்து இது மெல்ல மெல்ல எம்ஜிஓவாக மாறுகிறது. அடையிலிருந்து எடுத்த புதுத் தேனில் எம்ஜிஓ குறைவாகவும், சில காலம் வைத்திருந்த தேனில் கூடுதலாகவும் இருப்பது இதனால்தான். சூடாக்கினால் இந்த மாற்றம் வேகமெடுக்கும். ஆனால் அந்தச் சூட்டிலேயே எச்எம்எஃப் என்ற சேர்மமும் பெருகித் தேனைக் காட்டிக்கொடுத்துவிடும். பன்னாட்டு உணவுத் தரநெறியான கோடெக்ஸ் பொதுவாகக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் எச்எம்எஃப்பையே அனுமதிக்கிறது. வெப்பமண்டல நாடுகளின் தேனுக்கு 80.

லேபிளை வாசிக்கும் முறை

புட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், எந்த அளவுகோல் என்று பாருங்கள். எம்ஜிஓ என்று இருந்தால் அந்த எண் ஒரு கிலோ தேனில் எத்தனை மில்லிகிராம் மெத்தில்கிளையாக்சால் என்பதைச் சொல்கிறது. யுஎம்எஃப் என்பது நியூசிலாந்துச் சங்கம் ஒன்றின் முத்திரை; உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். யுஎம்எஃப் 5+ என்றால் எம்ஜிஓ குறைந்தது 83. 10+ என்றால் 263. 15+ என்றால் 514. 20+ என்றால் 829. எண் இரண்டு மடங்கானால் எம்ஜிஓ மூன்று மடங்குக்கு மேல் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள். பலரும் சறுக்கும் இடம் இதுதான்: 'எம்ஜிஓ 100+' என்ற புட்டி 'யுஎம்எஃப் 10+' புட்டியைவிடப் பத்து மடங்கு வலுவாகத் தோன்றும். உண்மையில் அது 5+க்கும் 10+க்கும் இடையில், 5+ பக்கமாகவே நிற்கிறது.

இரண்டாவதாக, அளவுகோல் பெயரே இல்லாத எண்ணை ஒதுக்குங்கள். 'ஆக்டிவ் 15+', 'பயோ ஆக்டிவ்', 'மொத்த ஆற்றல் 10+' போன்றவை பெராக்சைடு ஆற்றலையும் சேர்த்துச் சொன்னவையாக இருக்கலாம். மனுகாவே இல்லாத நல்ல தேன்கூட அந்த எண்ணைத் தொட்டுவிடும்.

மூன்றாவது, மனுகாதானா என்ற கேள்வி. வலுவானதா என்பது வேறு, மனுகாவா என்பது வேறு. நியூசிலாந்து அரசின் முதன்மைத் தொழில்கள் அமைச்சகம், 2018 முதல் ஏற்றுமதிக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது: நான்கு வேதிப்பொருள்களும் மனுகா மகரந்தத்தின் டிஎன்ஏ அடையாளம் ஒன்றும் தேனில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றான 3-ஃபீனைல்லாக்டிக் அமிலம் கிலோவுக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தால் 'மோனோஃப்ளோரல்', அதாவது பெரும்பங்கு மனுகாவிலிருந்தே வந்த தேன். 20க்கும் 400க்கும் இடையில் இருந்தால் 'மல்டிஃப்ளோரல்', வேறு பூக்களும் கலந்தது. இந்த வரையறையில் எம்ஜிஓ இல்லவே இல்லை. எம்ஜிஓவைச் செயற்கையாகத் தயாரித்துக் கலந்துவிட முடியும் என்பதால் அதை மட்டும் நம்பித் தேனின் பிறப்பைச் சொல்ல முடியாது. யுஎம்எஃப் சோதனை எம்ஜிஓவோடு டைஹைட்ராக்சி அசிட்டோன், எச்எம்எஃப், லெப்டோஸ்பெரின் ஆகிய மூன்றையும் அளக்கிறது. லெப்டோஸ்பெரின் மனுகா இனச் செடிகளின் மதுவுக்கே உரியது. கடையில் வாங்கிக் கலப்பது எளிதல்ல.

பிறகு உரிம எண், தொகுதி எண், எங்கே புட்டியில் அடைத்தது என்பவற்றைப் பாருங்கள். தொகுதி எண்ணைக் கொடுத்தால் சோதனை அறிக்கையைக் காட்டும் தயாரிப்பாளரே மேல். ஆஸ்திரேலியாவிலும் மனுகா தேன் தயாராகிறது. 'மனுகா' என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியத் தேனில் யுஎம்எஃப் முத்திரை இருக்காது. அதனால் அது போலி ஆகிவிடாது. எம்ஜிஓ எண்ணை வைத்து ஒப்பிடலாம்.

எதற்கு எந்த எண்? சாப்பிட, தேநீரில் கலக்க மல்டிஃப்ளோரலோ எம்ஜிஓ 100க்குள் உள்ளதோ போதும். தொண்டைக்கும் தோலில் பூசவும் கொஞ்சம் வலுவானது வேண்டும் என்று நினைத்தால் யுஎம்எஃப் 10+ பக்கம் போகலாம். 20+க்கு மேல் போவதற்கு வீட்டில் நியாயமான காரணம் எதுவும் கிடையாது, பரிசுப்பெட்டியாகக் கொடுப்பதைத் தவிர. திறந்த புண்ணுக்கோ சாப்பாட்டுத் தேன் எந்த எண்ணிலும் வேண்டாம்.

சாப்பிடுவது

ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி தேன், சுமார் 21 கிராம். அதில் சர்க்கரை 17 கிராம், ஆற்றல் 64 கலோரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு விரும்பத்தக்கதாகச் சொல்லும் சர்க்கரை அளவு சுமார் 25 கிராம். தேனின் சர்க்கரையும் அந்தக் கணக்கில்தான் சேரும். 'தினமும் மூன்று மேசைக்கரண்டி' என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும்.

சூடான தேநீரில் போட்டால் எல்லாம் போய்விடுமா? எம்ஜிஓ வெப்பத்தை ஓரளவு தாங்கும். நொதிகள்தான் சிதையும், வாசமும் குறையும். ஒரு கோப்பைத் தேநீரில் ஒரு கரண்டி கரைந்தால் அடர்த்தி போய்விடுவதால் கிருமித்தடுப்பும் பேருக்குத்தான் மிஞ்சும். ருசிக்காகச் சேர்ப்பது என்றால் தாராளமாகச் சேர்க்கலாம், குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு.

இருமலுக்குத் தேன் உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு, ஆனால் அது தேனுக்கான சான்று, மனுகாவுக்கானது அல்ல. பிள்ளைகளிடம் நடந்த பெயர்பெற்ற ஆய்வு ஒன்றில் கொடுத்தது பக்வீட் என்ற வேறு பூத்தேன். அதில் பின்பற்றிய அளவு: 2 முதல் 5 வயதுவரை அரைத் தேக்கரண்டி, 6 முதல் 11 வரை ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் 18 வரை இரண்டு, படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பாக. தண்ணீரில் கலக்காமல் கரண்டியிலிருந்து மெல்ல நக்கி விழுங்க வேண்டும். தொண்டையில் படர்ந்து நிற்பதே பாதி வேலை. உடனே தண்ணீர் குடித்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். பல்லில் ஒட்டிய தேன் பல்லைக் கெடுக்கும் என்பதால் சற்று நேரம் விட்டு வாயைக் கொப்பளிக்க மறக்க வேண்டாம். மூன்று வாரம் தாண்டிய இருமல், மூச்சுத்திணறல், சளியில் இரத்தம் என்றால் தேன் அல்ல, மருத்துவர்.

வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் கிருமியை மனுகா தேன் கண்ணாடித் தட்டில் தடுக்கிறது என்பது உண்மைதான். ஆய்வகத் தட்டில் தேனும் கிருமியும் நேருக்கு நேர் நிற்கின்றன. வயிற்றிலோ தேன் நீர்த்துப்போகிறது, எம்ஜிஓ செரிமானத்தில் புரதங்களோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. அந்தக் கிருமிக்கு மருத்துவர் எழுதிய மருந்தைத் தேனை நம்பி நிறுத்தக் கூடாது.

புண்ணில் வைப்பது

மனுகா உண்மையிலேயே பெயர் வாங்கிய இடம் இது. இங்கே வேண்டியது மருத்துவத் தரத் தேன்: குழாயில் களிம்பாகவோ, தேன் ஊறிய கட்டுத்துணியாகவோ மருந்துக் கடைகளில் கிடைப்பது. காமாக் கதிர் பாய்ச்சி அதைக் கிருமி நீக்கம் செய்கிறார்கள், ஏனென்றால் கிருமி நீங்கும் அளவுக்குக் கொதிக்க வைத்தால் தேன் தேனாக இருக்காது. சாப்பாட்டுத் தேனில் குளோஸ்ட்ரிடியம் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். தேனுக்குள் அவை தூங்கும். புண்ணுக்குள் என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மனுகா தேன் கட்டுகளுக்கு 2007இல் அனுமதி தந்தபோதும் அது கிருமி நீக்கிய தயாரிப்புக்கே.

சிறு சிராய்ப்பு, மேலோட்டமான வெட்டு, சின்னத் தீக்காயம் ஆகியவற்றை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். தீக்காயமென்றால் முதல் வேலை குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் பிடிப்பது. சூடு தணியாத காயத்தில் தேனைப் பூசுவது சூட்டை உள்ளே அடைப்பதற்குச் சமம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புண்ணை ஓடும் நல்ல தண்ணீராலோ சலைனாலோ கழுவி, சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றித் துடையுங்கள். தேனைப் புண்ணில் தடவாதீர்கள், கட்டுத்துணியில் தடவுங்கள்: புண்ணில் தடவினால் வழுக்கி ஓடும், வலிக்கும், ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் நிற்கும். 10 சென்டிமீட்டர் சதுரத் துணிக்குச் சுமார் 20 மில்லி தேன் வேண்டும். இது பலருக்குக் கூடுதலாகத் தோன்றும். ஆனால் மெலிதாகத் தடவிய தேன் புண்ணில் ஊறும் நீரில் சில மணி நேரத்தில் கரைந்து வீரியம் இழந்துவிடும். துணி புண்ணின் ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் பரவியிருக்கட்டும். அதன் மேல் உறிஞ்சும் துணி ஒன்று, அதற்கு மேல் ஒட்டுப்பட்டை.

எப்போது மாற்றுவது என்பதை நாள்காட்டி முடிவு செய்யாது, புண் ஊறும் நீர் முடிவு செய்யும். தேன் திசுவிலிருந்து நீரை இழுப்பதால் முதல் இரண்டு மூன்று நாள் ஊறல் அதிகமாகும். அப்போது தினமும், தேவையானால் இரு வேளையும் மாற்ற வேண்டும். ஊறல் குறைந்ததும் இடைவெளியைக் கூட்டலாம்.

தவறு நேரும் இடங்கள் சில. வைத்தவுடன் எரிச்சல் எடுப்பது அமிலத்தன்மையால்; சற்று நேரத்தில் அடங்கும். அடங்காமல் கூடிக்கொண்டே போனால் சலைனால் கழுவி எடுத்துவிடுங்கள். சுற்றியுள்ள தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தால் கட்டு ஈரத்தைத் தாங்கவில்லை என்று பொருள்: அடிக்கடி மாற்றுங்கள், ஓரத்தில் வாசலின் தடவிக் காப்பிடுங்கள். துணி காய்ந்து ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் சலைனில் நனைத்து எடுங்கள். அந்தப் புண்ணுக்கு இனித் தேன் தேவையில்லை என்பதற்கும் அது அறிகுறியாக இருக்கலாம். உடற்சூட்டில் தேன் இளகி வழிந்தால் தேன் ஏற்கெனவே ஊறிய கட்டுத்துணிக்கு மாறிக்கொள்ளலாம்.

விலங்குக் கடி, ஆழமான புண், உள்ளங்கை அளவைவிடப் பெரிய தீக்காயம், முகத்திலோ மூட்டிலோ பட்ட தீக்காயம், நீரிழிவு உள்ளவர்களின் காலில் எந்தப் புண்ணும், பரவும் சிவப்பு, காய்ச்சல், துர்நாற்றம்: இவற்றில் எதையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

பலன் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஆழமில்லாத தீக்காயங்களும் சீழ்பிடித்த அறுவைப் புண்களும் தேனால் விரைவில் ஆறுவதாகக் கண்டது. அதே சமயம் நியூசிலாந்தில் 2008இல் வெளியான, 368 பேரிடம் நடந்த ஆய்வில், நாள்பட்ட கால்புண்களுக்கு மனுகா கட்டு 12 வாரத்தில் வழக்கமான சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. எல்லாப் புண்ணுக்கும் ஒரே மருந்து என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

முகத்திலும் கண்ணிலும்

புண் இல்லாத தோலில் சாப்பாட்டுத் தேனைப் பூசலாம். ஒரு தேக்கரண்டியை ஈரமான முகத்தில் மெலிதாகத் தடவி 15, 20 நிமிடம் வைத்து வெதுவெதுப்பான நீரில் கழுவினால் தோல் மிருதுவாகும்; சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைப்பதால் கிடைக்கும் பலன் அது. முதல் முறை என்றால் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எலுமிச்சையோ பட்டைத்தூளோ சேர்க்க வேண்டாம், எரியும். முகப்பருவுக்கு எதிர்பார்ப்பை அடக்கிக்கொள்வது நல்லது: நியூசிலாந்தில் கனுகா தேனை வைத்து நடந்த ஆய்வில், கிருமிநாசினிச் சோப்பு மட்டும் போட்டவர்களைவிடத் தேனும் சேர்த்துப் போட்டவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

கண்ணுக்கு மனுகா சொட்டுமருந்துகள் விற்பனைக்கு வருகின்றன. அவை கிருமி நீக்கித் தனியாகத் தயாரித்தவை. புட்டித் தேனைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணில் விடுவது எந்த நிலையிலும் கூடாது.

யாருக்குக் கூடாது

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது. நாக்கில் தொட்டு வைக்கும் ஒரு துளிகூடக் கூடாது. மேலே சொன்ன குளோஸ்ட்ரிடிய வித்துகள் பச்சிளங்குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். எண் கூடியதோ சான்றிதழ் பெற்றதோ இதற்கு விலக்கு அல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனுகாவும் சர்க்கரைதான். மருத்துவரைக் கேட்டு அளவோடு. தேனீக் கொட்டுக்கோ மகரந்தத்துக்கோ ஒவ்வாமை உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

வைத்திருப்பது

வெளிச்சம் படாத, அடுப்பை ஒட்டாத அலமாரி போதும்; குளிர்பெட்டி வேண்டாம், கல்லாக இறுகிக் கரண்டி இறங்காது. கரண்டி காய்ந்திருக்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்: தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் ஈஸ்ட் விழித்துப் புளிக்கத் தொடங்கும். மேலே நுரையும் புளித்த வாடையும் வந்தால் தூக்கிப் போடுங்கள். சர்க்கரை பூத்துப்போனது கெட்டதல்ல. புட்டியை 40 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் நிற்கவைத்து, அவ்வப்போது கிளறினால் இளகிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் கட்டியாகவே நிற்கும், எச்எம்எஃப்பும் ஏறும்.

வெப்பமான இடத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் எம்ஜிஓ ஏறிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டுப் புட்டிகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. டைஹைட்ராக்சி அசிட்டோன் தீர்ந்ததும் ஏற்றம் நின்று இறங்கத் தொடங்கும். அதற்குள் நிறம் கறுத்துச் சுவையும் போயிருக்கும். ஆறு மாதத்தில் தீரும் அளவுக்குச் சின்னப் புட்டியாக வாங்குங்கள்.